ஹைடா பாணியில் செதுக்கி விற்கலாமா? கராஜ் பட்டறை தொடங்கும் முன் ஒரு கேள்வி

மரத்தூள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வான்கூவருக்குப் பக்கத்தில் சர்ரேயில் இருக்கிறேன். மூன்று வருடமாக மரம் செதுக்குகிறேன். பகலில் மென்பொருள் சோதனை வேலை. செதுக்குவதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல், காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜில். கரண்டி, சின்னக் கிண்ணம் என்றுதான் ஆரம்பித்தேன். போன வருடம் பல்கலைக்கழக மானுடவியல் அருங்காட்சியகத்தில், ஹைடா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த சிற்பி பில் ரீட் செய்த அந்தப் பெரிய அண்டங்காக்கையைப் பார்த்தேன். சிப்பிக்குள்ளிருந்து குட்டி மனிதர்கள் எட்டிப் பார்க்க, மேலே காக்கை உட்கார்ந்திருக்குமே, அதுதான். 2004-இல் வந்த இருபது டாலர் நோட்டின் பின்பக்கத்திலும் இருந்தது. 106 மஞ்சள் செடார் கட்டைகளை ஒட்டி ஒரே கட்டையாக்கி அதில் குடைந்திருக்கிறார்கள். 1980-இல் முடித்த வேலை. சுற்றிச் சுற்றி வந்தேன், அரை நாள் போய்விட்டது.

அப்புறம் புத்தகம் வாங்கி, வரைந்து பழகி, சிவப்பு செடார் பலகையில் நானும் ஒரு காக்கை செதுக்கினேன். கறுப்பு, சிவப்பு வண்ணம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் 250 டாலர் தருகிறேன் என்கிறார். வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ‘ஹைடா பாணி மரச்சிற்பம்’ என்று பெயர் வைத்து ஒரு சின்னப் பட்டறை தொடங்கலாமா என்று ஆசை.

படத்தை அலுவலகத்தில் காட்டினேன். கூட வேலை செய்யும் ஒரு பெண், பூர்வகுடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது. யாருடைய காக்கை இது?” என்றார். “என்னுடையதுதான், நான் செய்தது” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு பத்து நாளாக உறுத்துகிறது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

கொட்டாப்புளி எழுதியது:

ஒன்றும் தப்பில்லை நண்பா. கலை யார் வீட்டுச் சொத்தும் கிடையாது. ஜப்பானியப் பெண் பரதநாட்டியம் ஆடினால் காணொளியை ஊர் முழுக்கப் பகிர்கிறோம். பாலியில் பிள்ளையார் செதுக்கி விற்கிறார்கள், நாம் போய் உரிமை கேட்டோமா? உன் கை, உன் உளி, உன் மரம். தாராளமாக விற்றுக்கொள். இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் ஒரு குற்ற உணர்ச்சி.

பனிமலர் எழுதியது:

நான் இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் வார இறுதித் தன்னார்வலர். சிற்பி இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வியை அங்கே வேறு வேறு ஆட்கள் கேட்டுப் பலமுறை கேட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மரத்தூள், அவர் யார் செதுக்கியது என்று கேட்கவில்லை. எந்தக் குடும்பத்துக் காக்கை என்று கேட்டிருக்கிறார். ஹைடா சமூகம் காக்கை, கழுகு என்று இரண்டு பாதி. தாய்வழி. ஒரு பாதியில் பிறந்தவர் மறு பாதியில்தான் கட்டிக்கொள்ளலாம். இரண்டுக்குள்ளும் பல வம்சங்கள். ஒவ்வொரு வம்சத்துக்கும் சொந்தமாகச் சின்னங்கள், பெயர்கள், பாட்டுகள், கதைகள். அவர்கள் செதுக்கி நிறுத்தும் உயரமான கம்பத்தில் (டோட்டம் கம்பம்) இருக்கும் கரடியும் திமிங்கிலமும் அழகுக்காக வைத்த பொம்மைகள் இல்லை. இந்த வீடு யாருடையது, இந்தக் கதையைச் சொல்ல யாருக்குப் பாத்தியதை என்று ஊருக்கு முன்னால் நிறுத்தி வைத்த ஆவணம். நம் ஊர் வழக்கில் சொன்னால் பட்டா மாதிரி. அடுத்தவர் பட்டாவை அழகாக நகலெடுத்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினால் எப்படி இருக்கும்?

பட்டாவைப் பதிவு செய்யும் இடம்தான் பாட்லாட்ச். விருந்து போட்டு, சின்னங்களைக் காட்டி ஆடி, வந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். பரிசு வாங்கியவர் சாட்சி. நாளைக்குத் தகராறு வந்தால் “நான் பார்த்தேன்” என்று அவர் சொல்ல வேண்டும். இதைத்தான் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. 1921 டிசம்பரில் டான் கிரான்மர் என்ற குவாக்குவாக்கவாக்கு பூர்வகுடித் தலைவர் வில்லேஜ் தீவில் ஒன்று நடத்தினார். 45 பேர் மேல் வழக்கு. ஆடியதற்கு, பேசியதற்கு, பரிசு கொடுத்ததற்கு! முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசினார்கள். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். வாங்கிய பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் ஒரு நியூயார்க் சேகரிப்பாளருக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பலவற்றைப் போராடித் திரும்ப வாங்கி வைக்கத்தான் அலர்ட் பேயில் உமிஸ்தா பண்பாட்டு மையம் கட்டினார்கள், 1980-இல்.

கொட்டாப்புளி, பரதநாட்டியம் என்றீர்களே, நல்ல உதாரணம்தான். ஆனால் ஜப்பானுக்குப் போகும் முன் நம் ஊரிலேயே பாருங்கள். 1947-இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுவதையும் கோயிலில் ஆடுவதையும் தடை செய்தது. அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. ஆனால் தலைமுறையாக ஆடிய குடும்பங்கள் ஒதுங்கின, மேடையும் சபாவும் வேறு வீடுகளுக்குப் போயின. அந்தக் குடும்பத்துப் பேத்தி ஒருத்தி இன்றைக்கு வந்து “யாருடைய ஆட்டம் இது?” என்று கேட்டால், நாமும் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொள்வோம் இல்லையா?

சியாட்டில்வாசி எழுதியது:

எல்லைக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவில், இது சட்டப் பிரச்சினையும்கூட. இந்தியன் கலை, கைவினைச் சட்டம், 1990. பூர்வகுடி செய்ததாகப் பொய் சொல்லி விற்றால் முதல் தடவைக்கே தனி ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. எழுத்தில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2021 கடைசியில் இங்கேயே இரண்டு செதுக்குநர்கள் மேல், பூர்வகுடி என்று பொய்யாகச் சொல்லி விற்றதாக வழக்குப் போட்டார்கள். கனடாவில் இதற்குச் சமமான சட்டம் இல்லை. அங்கே இனுயிட் சிற்பங்களுக்கு 1958 முதல் இக்லூ முத்திரை இருக்கிறது, அது முத்திரை மட்டுமே.

இன்னொன்று. எங்கள் ஊர் பயனியர் சதுக்கத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. 1899-இல் ஊர்ப் பெரிய மனிதர்கள் கப்பலில் அலாஸ்கா சுற்றுலா போனார்கள். ஆட்கள் மீன்பிடிக்கப் போயிருந்த ட்லிங்கிட் பூர்வகுடிக் கிராமத்தில் இறங்கி ஒரு கம்பத்தை அறுத்து எடுத்து வந்தார்கள். கொண்டுவந்து நகரத்துக்கு அன்பளிப்பு! 1938-இல் யாரோ தீ வைத்ததில் அது பாழானது. அதன் நகலைச் செதுக்கியவர்கள் யார் தெரியுமா? ட்லிங்கிட் செதுக்குநர்களே. 1940-இல் நட்டார்கள். திருடியவன் வீட்டுக்குத் திருடு கொடுத்தவனே மறுபடி செய்து கொடுத்த கதை.

மரத்தூள் எழுதியது:

பனிமலர் அக்கா, நன்றி. பாட்லாட்ச் தடை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சாட்சிக்குப் பரிசு என்ற விஷயம் இப்போதுதான் புரிகிறது.

ஆனால் ஒரு சந்தேகம். நான் படித்த புத்தகமே பில் ஹோம் எழுதியது, 1965. அவர் பூர்வகுடி இல்லை. இந்த உருவங்களில் தடித்து மெலிந்து ஓடும் கோட்டுக்கு இன்றைக்கு எல்லோரும் சொல்கிற ஃபார்ம்லைன் என்ற பெயரே அவர் வைத்ததுதான். பூர்வகுடிச் சிற்பிகளே அவர் புத்தகத்தை வைத்துப் பழகியிருக்கிறார்கள். அவர் செய்யலாம், நான் செய்யக் கூடாதா? வாதத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பனிமலர் எழுதியது:

நியாயமான கேள்விதான். ஹோம் நூற்றுக்கணக்கான பழைய பெட்டிகளையும் திரைகளையும் அளந்து, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே சேருகிறது என்று இலக்கணம் எழுதினார். தமிழுக்குத் தொல்காப்பியம் எழுதிய மாதிரி. முதன்மைக் கோடு பெரும்பாலும் கறுப்பு, இரண்டாவது சிவப்பு, மூன்றாவது நீலப்பச்சை என்பதெல்லாம் அதில் வரும். அந்த இலக்கணத்தைப் படிப்பதில், கையைப் பழக்குவதில் யாருக்கும் மனத்தாங்கல் இருப்பதாக நான் பார்த்ததில்லை. இலக்கணம் படித்ததால் ஒருவன் அந்த வம்சத்தில் பிறந்துவிட மாட்டான், அவ்வளவுதான்.

பில் ரீட்டையே பாருங்கள். அம்மா ஹைடா, ஆனால் அவர் ஹைடா உலகத்துக்கு வெளியே வளர்ந்தவர். வானொலி அறிவிப்பாளராக இருந்தார், டொராண்டோவில் நகை வேலை படித்தார். பெரிய கலைஞர் சார்லஸ் ஈடன்ஷா அவர் தாத்தாவுக்குத் தாய்மாமன். இவ்வளவு இருந்தும் பழைய வேலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றார். ராபர்ட் டேவிட்சன் கதை இன்னும் கூர்மையானது. ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன். 1969-இல், 22 வயதில், ஹைடா ஊரான மாஸெட்டில் ஒரு கம்பம் செதுக்கி நிறுத்தினார். ஏறக்குறைய 90 வருடத்தில் அந்த ஊரில் எழுந்த முதல் கம்பம். கம்பம் தூக்கும்போது என்ன செய்ய வேண்டும், எந்தப் பாட்டு என்று கிழவர் கிழவிகள் கூடி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது. சொந்தப் பேரனுக்கே அப்படித் திரும்பக் கிடைத்த பொருள். அதை நாம் புத்தகம் வாங்கி மூன்று வருடத்தில் ‘பாணி’ என்று பெயர்ப்பலகை எழுதினால், அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனதே பெரிய மனசு.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இருப்பது சர்ரே. அது ஹைடா நிலமே இல்லை! ஹைடா குவாய் தீவுகள் வடக்கே வெகுதூரம். சர்ரே, வான்கூவர் வட்டாரம் குவாண்ட்லன், மஸ்குவியம், ஸ்குவாமிஷ் போன்ற கடற்கரை சாலிஷ் மக்களின் நிலம். அவர்கள் மரபில் அந்த உயரக் கம்பங்கள் கிடையாது. வீட்டுத் தூண்கள், வரவேற்பு உருவங்கள், நூல் நூற்கும் தக்கிளியின் வட்டில் செதுக்கு வேலை. கோட்டு முறையே வேறு: பிறை வடிவ வெட்டு, ஆப்பு வடிவ வெட்டு. ஸ்டான்லி பூங்காவில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் கம்பங்களில் பெரும்பாலானவை வடக்கிலிருந்து வந்த மரபு. உள்ளூர்க்காரர்களின் வேலை அந்த இடத்தில் பெரிதாகத் தெரிய 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மஸ்குவியத்தைச் சேர்ந்த சூசன் பாயிண்ட் செய்த வாயில்கள் அப்போதுதான் வந்தன. வான்கூவர் விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் பெரிய தக்கிளி வட்டும் அவர் செய்ததுதான். எத்தனை பேர் அதைத் தாண்டி டிராலியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம்!

வாய்ச்சி எழுதியது:

தம்பி மரத்தூள், நான் விக்டோரியாவில் அலமாரி, சமையலறை வேலை செய்கிறவன். அப்பா பெரம்பலூர்ப் பக்கம் தச்சர். உரிமை விவகாரம் பனிமலர் அம்மா சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது கருவி.

இங்கே ஒரு தடவை கம்பம் செதுக்குகிற கொட்டகையில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். வயசான செதுக்குநர் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் வாய்ச்சி! பிடி மட்டும் வேறு. கிளையும் தண்டும் சேரும் முட்டிக் கட்டையாகப் பார்த்து வெட்டி, அந்த இயற்கை வளைவிலேயே பிடி செய்திருந்தார். இலகுவாக, மணிக்கட்டில் ஆடியது. டக், டக், டக் என்று ஒரே தாளம். ஒவ்வொரு வெட்டும் நகக்கண் அளவு. வரிசை வரிசையாக, மீன் செதில் அடுக்கின மாதிரி. எங்கள் அப்பா வாய்ச்சித் தடம் தெரிந்தால் இழைப்புளி போட்டு மழிக்கச் சொல்வார். அங்கே அந்தத் தடத்தை வேண்டுமென்றே அப்படியே விடுகிறார்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது மரமே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

அப்புறம் வளைகத்தி. தன் பக்கம் இழுத்துச் செதுக்குவது. நம் ஊர் உளி தள்ளி அடிப்பது, இது இழுத்துச் சீவுவது. முதல் வாரம் கட்டை விரலில் பிளாஸ்திரி இல்லாமல் இருக்காது. கம்பத்துக்கு மரத்தின் பின்பக்கத்தைக் குடைந்து நடுப்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். பாரமும் குறையும், காயும்போது முகத்தில் விழும் வெடிப்பும் குறையும்.

உன் படத்தைப் பார்த்தேன். கையில் வேலை இருக்கிறது. கோடு மட்டும் செத்துக் கிடக்கிறது. அந்தக் கண் வடிவம், ஓவாய்ட் என்கிறார்களே, அதைக் காம்பஸ் வைத்து வரைந்தாயா?

மரத்தூள் எழுதியது:

ஆமாம் அண்ணா, காம்பஸ்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வாய்ச்சி எழுதியது:

முட்டையாக இருக்கிறது. அது முட்டை இல்லை. மேல் விளிம்பு புடைத்து நிற்கும், அடி விளிம்பு லேசாக உள்வாங்கும், மூலைகள் திரண்டு இருக்கும். பறைக்குத் தோல் இழுத்துக் கட்டின விறைப்பு வேண்டும். பழைய ஆட்கள் செடார் பட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு வரைந்தார்கள், காம்பஸ் இல்லை. கோடு தடித்து மெலிந்து ஓட வேண்டும், ஒரே தடிமனில் ஓடினால் வேலி.

யாழ்த்தச்சன் எழுதியது:

ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் முந்தி இஞ்ச ஒரு மர ஆலையில் ஏழு வருசம் வேலை செய்தனான். சிவப்பு செடார் நல்ல வடிவான மரம். நேர் இழை, இலகுவாகப் பிளக்கும், உக்காது. வாசமும் அருமை. ஆனால் அந்தத் தூசு பொல்லாதது. அதில் பிளிகாட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கு, அதால் ஆஸ்துமா வரும். இந்த மாகாணத்தில் மரத் தொழிலாளிகளுக்கு வாற பேர்போன வருத்தம். எனக்கும் வந்தது. முதலில் இரவில் மட்டும் இருமல், வேலையிடத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் சளி, தடிமன் எண்டு நினைச்சு ஒரு வருசம் போக்கினேன். தம்பி, கராஜ் கதவை மூடிக்கொண்டு சாண்ட்பேப்பர் போடாதையும். நல்ல சுவாசக் கவசம் வாங்கும். கத்தியால் சீவினால் சீவல் விழும், தேய்த்தால்தான் தூசு. 

மரத்தூள் எழுதியது:

ஐயோ, எனக்கும் இரண்டு மாதமாக ராத்திரி இருமல். மருத்துவரிடம் நேரம் வாங்குகிறேன். நன்றி அண்ணா.

கொட்டாப்புளி எழுதியது:

சரி, எல்லோரும் சேர்ந்து பையனை மிரட்டியாயிற்று. இப்போது நான் கேட்கிறேன். இவன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? நான் குடும்பத்தோடு வந்திருந்தபோது ஒரு நினைவுப்பொருள் கடையில் கம்பம் வாங்கினேன், 40 டாலர். ‘பூர்வகுடிப் பாணி’ என்று அட்டை. வீட்டுக்கு வந்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே வேறு நாட்டுப் பெயர். மரமும் இல்லை, பிசின் வார்ப்பு. அந்தக் கடையை யாரும் கேட்கவில்லை. கையால் செதுக்கி, கண் விழித்துப் படிக்கிறவனிடம் மட்டும் நியாயம் பேசுகிறோம்.

பனிமலர் எழுதியது:

அந்தக் கோபம் எனக்கும் உண்டு, கொட்டாப்புளி. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? உங்களை ஏமாற்றியது ‘பாணி’ என்ற அந்த ஒரு சொல்தான். மரத்தூள் பெயர்ப்பலகையில் எழுத நினைத்ததும் அதே சொல். நீங்கள் 40 டாலரை ஒரு உள்ளூர்ச் சிற்பியின் சின்ன அச்சுப்படத்துக்குக் கொடுத்திருக்கலாம். அட்டையில் செய்தவர் பெயர், அவருடைய தேசத்தின் பெயர், இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எடுத்ததைத் திரும்பக் கொடுக்கிற காலம் இது. 1929-இல் எடுத்துப் போய் ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த நிஸ்கா பூர்வகுடி மக்களின் கம்பம், 11 மீட்டர் உயரம், 2023-இல் விமானத்தில் ஊர் திரும்பியது. அப்படிப்பட்ட காலத்தில் புதிதாகப் பட்டறை வைக்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று ஊர் பார்க்கத்தான் செய்யும்.

கொட்டாப்புளி எழுதியது:

அந்த ஸ்டிக்கர் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள். ஆனாலும் கோட்டுக்கும் வளைவுக்கும் சொந்தக்காரன் உண்டு என்பதை என் மனசு ஒப்பவில்லை. சின்னம், கதை என்றால் சரி. ஓவாய்டுக்கு என்ன பட்டா? இதில் நான் மாறப் போவதில்லை.

சியாட்டில்வாசி எழுதியது:

மாற வேண்டியதில்லை. பூர்வகுடிச் சிற்பிகளுக்குள்ளேயே இதில் எல்லோரும் ஒரே பேச்சுப் பேசுவதில்லை. வெளியாள் ஒருவரைக் குடும்பமே தத்தெடுத்து, பெயர் வைத்து, செதுக்கச் சொன்ன கதைகளும் இந்தக் கரையில் உண்டு. அங்கே கதவைத் திறந்தது வீட்டுக்காரர்கள். வெளியிலிருந்து நாம் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போவது வேறு.

மரத்தூள் எழுதியது (ஏழு வாரம் கழித்து):

மன்னிக்கவும், இழையைத் தூசு தட்டுகிறேன். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் மருத்துவர். செடாரைக் கொஞ்ச நாள் தொடவே கூடாது என்றார், பரிசோதனைகள் இருக்கின்றன. யாழ்த்தச்சன் அண்ணா, உங்களுக்கு ஒரு சாப்பாடு கடன்.

அலுவலகப் பெண்ணிடம் போய், “அன்றைக்கு உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை” என்றேன். “தெரியும்” என்றார். அவர் சொல்லி ஒரு மஸ்குவியம் செதுக்குநர் நடத்தும் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். அங்கே சின்னம், மிருகம் எதுவும் கிடையாது. முதல் நாள் முழுக்கக் கத்தி தீட்டியதுதான். மதியம் என் கத்தியை வாங்கி, தன் முன்கை முடியில் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தீட்டினேன். மாலையில் அதே மாதிரி இழுத்தார், முடி உதிர்ந்தது, “சரி, மரத்தை எடு” என்றார்.

என் காக்கைப் பலகைப் படத்தையும் காட்டிக் கேட்டேன். பழகச் செய்தது என்றால் வீட்டில் வை, பழகத்தானே வேண்டும், விற்காதே என்றார். கூடவே, “இது எங்கள் ஊர்க் காக்கையும் இல்லை” என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பட்டறை உண்டு. கரண்டி, கிண்ணம், இடியாப்பத் தட்டு (அம்மாவின் யோசனை, நாலு ஆர்டர் வந்திருக்கிறது). வாய்ச்சித் தடம் அப்படியே விட்ட கிண்ணம் ஒன்றைப் படம் போட்டிருக்கிறேன். யாரிடம் கற்றேன் என்பதை, வகுப்பு எடுக்கும் அந்தச் செதுக்குநரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். பெயர்ப்பலகை இன்னும் காலி.

இப்போது வேலை செய்வது ஆல்டர் மரத்தில். இங்கே கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் பழைய காலத்திலிருந்து அதுதான், சாப்பாட்டில் வாசம் ஏறாது. பச்சையாக வெட்டினால் வெள்ளையாக இருக்கும், பத்து நிமிடத்தில் வெட்டுவாய் முழுக்க ஆரஞ்சாகச் சிவக்கிறது. முதல் தடவை கை அறுத்துக்கொண்டேனோ என்று பயந்துவிட்டேன். ஒரே பிரச்சினை: மூன்று கரண்டி செய்தேன், மூன்றும் குழியோரம் வெடித்துவிட்டன. வாய்ச்சி அண்ணா, என்ன செய்ய?

வாய்ச்சி எழுதியது:

கிண்ணத்தில் தடம் நன்றாக விழுந்திருக்கிறது. வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் அவசரப்பட்டிருக்கிறாய், பரவாயில்லை.

பச்சை மரம் சீவி முடித்ததும் அதே சீவலோடு காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம் வை. மெல்லக் காய வேண்டும். அடிமரத்து நடுத்தண்டு கரண்டிக்குள் வராமல் பார்த்துக்கொள். குழிக்கும் காம்புக்கும் தடிமன் ரொம்ப வித்தியாசப்பட்டாலும் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே.

மரத்தூள் எழுதியது:

ஹீட்டர் மேலேயே வைத்திருந்தேன் அண்ணா.